ரவா இட்லி தெரிந்த ஊரில் பேன்கேக்

அமெரிக்கர்கள் காலையில் சாப்பிடுகிற தடித்த, பஞ்சு மாதிரியான பேன்கேக்கை வீட்டில் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். படத்தில் விரல் தடிமனுக்கு இருக்கிறது, நம் கல்லில் தட்டையாகப் பரவிவிடுகிறது. சிலருக்குத் தடிமன் வந்துவிடும், ஆனால் கடித்தால் இழுக்கும். இன்னும் சிலருக்கு வெளியே கருகி, உள்ளே பச்சை மாவு நிற்கும். மைதா சரியில்லை, முட்டை போதவில்லை, கல் சரியில்லை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் வேறு. தோசை வார்த்துப் பழகிய கை, பேன்கேக்குக்கும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. நன்றாகக் கலக்குகிறது, மாவை வெகுநேரம் ஊறவைக்கிறது, கல்லை நன்றாகக் காயவிடுகிறது, ஊற்றியதும் கரண்டியால் தேய்க்கிறது. தோசைக்கு இவை எல்லாமே சரி. பேன்கேக்குக்கு நான்குமே ஆகாது.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க நான் அமெரிக்கா வரை போவதில்லை. மாவள்ளியிலிருந்தே தொடங்கலாம்.

லால்பாக் சாலையில் இருக்கிற எம்.டி.ஆர். ஹோட்டல் உங்களுக்குத் தெரியும். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த பரமேஸ்வர மய்யா, உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து 1924-இல் பிராமின் காபி கிளப் என்ற பெயரில் தொடங்கியது. 1960-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தபோது மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் ஆனது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசி இல்லாமல் இட்லிக்கடை நடத்துவது எப்படி? அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்று எம்.டி.ஆர். தன் வரலாற்றில் சொல்கிறது. இன்றைக்கும் அங்கே நெய்யும் உருளைக்கிழங்கு சாகுவும் சேர்த்து அதைச் சாப்பிடுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனங்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

சாதாரண இட்லி மாவு எப்படி உப்புகிறது? உளுந்தும் அரிசியும் அரைத்து வைத்தால், அதில் இருக்கிற நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்க வேலை செய்து கரியமில வாயுவை விடுகின்றன. அதில் முக்கியமானது லியூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதற்கு எட்டு மணி நேரம், குளிர்காலமானால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

ரவா இட்லிக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். நெய்யில் வறுத்த ரவையில் தயிர் ஊற்றி, ஆப்ப சோடா போட்டால் சில நிமிடங்களில் மாவு பொங்கி வருகிறது. தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமும் சோடாவும் சேரும்போது அதே கரியமில வாயு உடனே பிறக்கிறது. நுண்ணுயிர் ஒரு ராத்திரியில் செய்கிற வேலையைச் சோடா கண்ணெதிரே செய்துவிடுகிறது. பொங்கின வேகத்தில் ஆவியில் வைத்துவிட வேண்டும். ஆறப்போட்டால் வாயு போய்விடும், இட்லி கல்லாகும். ரவா இட்லி செய்த யாருக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்கப் பேன்கேக் ரவா இட்லியின் உறவு, தோசையின் உறவு இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான். புளித்த பாலும் சோடாவும் சேர்ந்து உப்புகிற மாவு அது. அங்கே ஆவிக்குப் பதில் கல், ரவைக்குப் பதில் மைதா. ரவா இட்லிக்குக் காட்டுகிற அவசரத்தையும் மென்மையையும் பேன்கேக்குக்கும் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

அவர்கள் ஊரில் இது எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி எழுதிய அமெரிக்கச் சமையல் புத்தகத்திலேயே, மரச்சாம்பலிலிருந்து எடுத்த ஒருவகைக் காரத்தைப் போட்டு மாவை உப்பவைக்கும் குறிப்புகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843-இல் பேக்கிங் பவுடர் ஒன்றைத் தயாரித்தார். சோடாவும் அதற்கு வேண்டிய புளிப்பும் உலர்ந்த தூளாக ஒரே டப்பாவில். தண்ணீர் பட்டால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பேசும். அமெரிக்காவில் ஹார்வர்டு வேதியியலாளர் ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு 1856-இல் அந்தப் புளிப்புக்குக் கால்சியம் பாஸ்பேட் உப்பு ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஐரோப்பாவில் திராட்சை மது செய்யும்போது பீப்பாயில் படிகிற உப்பை இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள். அதன் பிறகு பேக்கிங் பவுடர் ஏழை வீட்டு அடுப்படிக்கும் வந்தது. பேன்கேக் இவ்வளவு தடிமன் ஆனதும் அதனால்தான்.

1889-இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரில் இரண்டு பேர் மாவு, சோடா எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். அதுதான் ஆன்ட் ஜெமைமா மிக்ஸ். பாக்கெட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம். அடிமைக்காலத்து வீட்டு வேலைக்காரியைப் பற்றி வெள்ளையர் வைத்திருந்த பிம்பம் அது. நூற்றுமுப்பது வருஷம் அந்த முகத்தை வைத்தே விற்றார்கள் என்பதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. 2021-இல்தான் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, முதன்முதலில் மாவு அரைத்த பேர்ல் மில்லிங் கம்பெனியின் பெயரை வைத்தார்கள். இங்கே நம் ஊரிலும் மிக்ஸ் பிறந்த கதை உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் ஹோட்டல் பண்டங்களுக்கு அரசு விலை நிர்ணயித்தபோது, அந்த விலைக்குத் தரத்தைக் காப்பாற்ற முடியாமல் எம்.டி.ஆர். சமையலறை மூடப்பட்டது. வேலையாட்களைக் கைவிடாமல் இருக்க மிக்ஸ் பாக்கெட்டுகள் போடத் தொடங்கினார்கள். ரவா இட்லி மிக்ஸ் உலகமெங்கும் போனது அந்த வழியில்தான். அந்தப் பாக்கெட் மாவில் தயிர் ஊற்றி இட்லி வார்த்தவர்கள், தெரியாமலேயே பேன்கேக் பாடத்தில் முதல் வகுப்பு முடித்தவர்கள்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம்.

அமெரிக்கச் செய்முறைகளில் மோர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நாம் வெயிலுக்குக் குடிக்கிற மோரை ஊற்றிவிடுகிறவர்கள் நிறைய. அவர்கள் சொல்வது பாலைப் புளிக்கவைத்துக் கெட்டியாகக் கடையில் விற்கிற ஒன்று, தம்ளரைச் சாய்த்தால் மெதுவாக இறங்கும். நம் மோர் தண்ணீர். அதை ஊற்றினால் மாவு தளர்ந்து, கல்லில் விழுந்ததும் ஓடிவிடும். அதனால் முக்கால் கப் தயிரில் கால் கப் பால் சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். நந்தினி பாக்கெட் தயிரும் அதே நந்தினியின் நீல பாக்கெட் பாலும் போதும். தயிர் முதல் நாளுடையதாக, கொஞ்சம் புளித்திருந்தால் நல்லது. புளிப்பே இல்லாத தயிரில் சோடாவுக்கு வேலை இல்லை.

வேலை இல்லாத சோடா என்ன செய்யும் தெரியுமா? அமிலம் கிடைக்காமல் சூடு மட்டும் கிடைத்தால், சோடா கொஞ்சம் வாயுவை விட்டுவிட்டுச் சலவைச் சோடா வகையைச் சேர்ந்த காரமாக மாறிவிடும். அதுதான் சிலர் வீட்டுப் பேன்கேக்கில் வருகிற சோப்பு வாடையும், உள்ளே தெரிகிற மஞ்சள் புள்ளியும். உப்பவில்லையே என்று இன்னும் ஒரு சிட்டிகை, இன்னும் ஒரு சிட்டிகை என்று போட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். ஒரு கப் புளித்த தயிர்க் கலவைக்கு அரை டீஸ்பூன் சோடாதான் ஏறக்குறைய உச்சம். நான் கால் டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சமிருக்கிற புளிப்பு நாக்குக்கு நன்றாக இருக்கும். மீதி உப்பலை பேக்கிங் பவுடர் பார்த்துக்கொள்ளும்.

கால் டீஸ்பூன் என்றால் அற்பம் என்று நினைக்க வேண்டாம். அது முழுதும் வினைபுரிந்தால் சுமார் 300 மில்லி வாயு வரும். ஒரு பெரிய தம்ளர் நிறைய. ஐந்தாறு பேன்கேக்குக்கு அது நிறையவே. ஆகவே கேள்வி எவ்வளவு வாயு என்பதில் இல்லை. அந்த வாயு பிறக்கிற நேரத்தில் மாவு எங்கே இருக்கிறது, அதைப் பிடித்துவைக்க மாவுக்குத் தெம்பு இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். மைதா ஒரு கப், அதாவது 125 கிராம். பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இவற்றை ஒரு பாத்திரத்தில் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். சோடா ஒரே இடத்தில் கட்டியாக உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சலிக்கச் சொல்கிறேன். இன்னொரு பாத்திரத்தில் தயிரும் பாலும் கலந்த ஒரு கப், ஒரு முட்டை, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். முட்டையும் தயிரும் ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தவையாக இருந்தால் வெண்ணெய் உறைந்து கட்டிக்கொள்ளும். அரைமணி முன்னாலேயே வெளியே எடுத்து வையுங்கள்.

வெண்ணெய் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிரிகேட் ரோடு நீல்கிரிஸ் கடை நினைவிருக்கிறதா? 1905-இல் நீலகிரி மலையில் வெண்ணெய் வியாபாரமாக முத்துசாமி முதலியார் தொடங்கியது, 1936-இல் பெங்களூருக்கு வந்தது. ஒரு தமிழர் கொண்டுவந்த வெண்ணெய்தான் இந்தக் கண்டோன்மென்ட்டின் எத்தனையோ வீடுகளில் காலை ரொட்டியில் தடவப்பட்டது. பேன்கேக்குக்கு உப்பில்லாத வெண்ணெய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உப்புள்ளதுதான் இருக்கிறதென்றால் மாவில் போடுகிற உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போதுதான் முக்கியமான இடம். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரக்கலவையை மாவில் ஊற்றியதும் கலக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

மைதாவில் தண்ணீர் பட்டு, அதைக் கிளறக் கிளற, அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று கைகோத்து க்ளூட்டன் என்ற வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து அடித்துப் பிசைவது இந்த வலைக்காகத்தான். அது இல்லாவிட்டால் மாவைக் காகிதமாக வீச முடியாது. பேன்கேக்கில் அதே வலை உண்டானால் இரண்டு கெடுதல். மாவு இறுகி, குமிழி விரிய விடாது. வெந்த பிறகு கடித்தால் இழுக்கும். போதாததற்கு, கலக்கும்போதே சோடாவும் தயிரும் விட்ட வாயுவை நாமே கரண்டியால் குத்தி வெளியேற்றிவிடுகிறோம். பீட்டர், மிக்ஸி பக்கமே போக வேண்டாம். ஒரு மரக்கரண்டி எடுத்து, பாத்திரத்தின் ஓரமாக இறக்கி, அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு புரட்டலில் காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும். அங்கேயே நிறுத்துங்கள். பட்டாணி அளவுக்குக் கட்டிகள் தெரியும். நம் கை துடிக்கும். தோசை மாவிலோ பஜ்ஜி மாவிலோ கட்டி நின்றால் அதைக் கரைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். இங்கே விட்டுவிடுங்கள். அந்தக் கட்டிகள் ஈரத்தை உறிஞ்சி, கல்லில் தாமாகவே கரைந்துபோகும்.

பதம் இட்லி மாவுப் பதம். கரண்டியைத் தூக்கினால் மாவு தாரையாக ஓடக் கூடாது, கொத்தாகச் சரிந்து விழ வேண்டும். நம்மூர் மைதா ஒவ்வொரு மில்லிலும் ஒவ்வொரு மாதிரி தண்ணீர் குடிக்கும். அதனால் ஈரக்கலவையில் இரண்டு ஸ்பூன் மிச்சம் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள். ஊற்றிவிட்ட பிறகு மாவு தளர்ந்தால், மறுபடி மைதா போட்டுக் கலக்க வேண்டியிருக்கும். அந்தக் கலக்கல்தான் நம் எதிரி.

கலந்த மாவைப் பத்து நிமிடம் அப்படியே விடலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தில் மைதா ஈரத்தை வாங்கிச் சற்று இறுகும், மேலே சின்னக் குமிழிகள் தெரியும். அப்புறம் கரண்டி போட்டுக் கிளறாமல், ஓரத்திலிருந்து அள்ளி அள்ளி ஊற்றுங்கள். ராத்திரியே கரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். தோசை மாவுக்குப் பொழுது போகப் போக உயிர் வரும், இந்த மாவுக்குப் பொழுது போகப் போக உயிர் போகும்.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு எச்சரிக்கையும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரிக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் படுத்தும்பாடு உங்களுக்குத் தெரியும். அடுப்புப் பக்கத்தில் வைப்பதும், போர்வை சுற்றுவதுமாக ஒரு பாடு. சோடாவுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை, அதனால் பேன்கேக் எந்த மாதத்திலும் ஒரே மாதிரி வரும். எச்சரிக்கை என்னவென்றால், நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே காற்றின் அழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர்கூட 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் அதே அளவு வாயு அதிகமாக விரியும். குமிழி சீக்கிரம் பெருத்து, மாவு இறுகுவதற்குள் வெடித்து, நடுவில் குழி விழும். அதனால் இந்த ஊரில் பேக்கிங் பவுடரைத் தாராளமாகப் போடாதீர்கள். நான் சொன்ன ஒன்றரை டீஸ்பூனைத் தலைதட்டிப் போடுங்கள், குவித்துப் போட வேண்டாம். சென்னைத் தங்கை வீட்டில் இரண்டு போட்டுச் சரியாக வந்தது என்றால், அது அந்த ஊர்க் கணக்கு.

கல்லைப் பற்றிப் பேசுவோம். இரும்புத் தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வெங்காய வாடையும் நெய்ரோஸ்ட்டின் மிச்சமும் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். கனமான நான்ஸ்டிக் கல் இருந்தால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதுவே சுலபம். கல்லை மிதமான தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டு ஓடினால் சூடு வந்துவிட்டது. தோசைக்கு அங்கேயே மாவை ஊற்றுவோம். பேன்கேக்குக்குத் தீயைச் சிறியதாக்கி ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். மாவு தடிமனாக இருப்பதால், சூடு நடுவரை போய்ச் சேரும்வரை அடி கருகக் கூடாது. அமெரிக்க ஹோட்டல் கல் 190 டிகிரி அளவில் வைத்திருப்பார்கள். நம் கேஸ் அடுப்பில் சின்ன பர்னரில், நடுத்தரத்துக்கும் சிம்முக்கும் இடையே வைத்தால் கிட்டத்தட்ட அது வரும். பர்னரின் வளையத்துக்கு மேலே கல் அதிகம் காயும். அதனால் கல்லை அவ்வப்போது கால்வட்டம் திருப்பிவிடுங்கள்.

எண்ணெய் ஒரு துளி போட்டுத் துணியால் துடைத்துவிட வேண்டும். கல்லில் எண்ணெய் நின்றால் பேன்கேக்கின் முகம் சரிகை போட்டது போலத் திட்டுத்திட்டாகச் சிவக்கும். துடைத்த கல்லில்தான் அந்த ஒரே சீரான பொன்னிறம் வரும். முதல் ஈடு எப்போதும் திட்டாக வருவதற்குக் காரணமும் அந்த முதல் எண்ணெய்தான். வெண்ணெயைக் கல்லில் போடாதீர்கள், அதிலுள்ள பால்சத்து கருகிக் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். வெண்ணெய் மாவில் இருக்கிறது, கடைசியில் மேலேயும் வரப்போகிறது.

கால் கப் மாவை ஒரே இடத்தில் ஊற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்க்கக் கூடாது. அது தானாகவே உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நிற்கும். இப்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பார்க்க வேண்டிய காட்சி இதுதான். முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் விளிம்பு மெதுவாக மேலெழும், பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கும். ஒரு நிமிடம் கழித்து நடுவே குமிழிகள் வரும். முதலில் வருகிறவை வெடித்ததும் ஈர மாவு ஓடிவந்து அந்த ஓட்டையை மூடிவிடும். அது இன்னும் நேரம் ஆகவில்லை என்பதற்கான அடையாளம். இன்னும் ஒரு நிமிடத்தில், வெடித்த குமிழி மூடாமல் ஊசிக்கண் மாதிரி திறந்தே நிற்கும். அதன் சுற்றுச்சுவரில் இருக்கிற மாவுச்சத்து வெந்து இறுகிவிட்டது என்று அர்த்தம். ஓரம் ஒரு விரற்கடை அளவு காய்ந்திருக்கும். அந்த நேரத்தில் அகலமான தோசைத் திருப்பியை முழுதாக அடியில் செலுத்தி, தூக்கி வீசாமல், கல்லுக்கு அருகிலேயே புரட்டிப் போடுங்கள்.

புரட்டியதும் அது இன்னும் ஒரு சுற்று உப்பும். உள்ளே இருக்கிற ஈர மாவுக்கு இப்போது புதுச் சூடு கிடைக்கிறது, பேக்கிங் பவுடரில் சூட்டுக்காகக் காத்திருந்த பங்கும் வேலையைத் தொடங்குகிறது. நம்மில் பலர் இந்த நேரத்தில்தான் திருப்பியால் ஒரு அழுத்து அழுத்துவார்கள். அடையை அழுத்துகிற பழக்கம். அழுத்தினால் உள்ளே சேர்ந்திருந்தது எல்லாம் புஸ்ஸென்று போய்விடும், திரும்ப வராது. ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் போதும். நடுவில் விரலால் லேசாகத் தொட்டால் திரும்பி எழ வேண்டும். ஒருமுறைக்கு மேல் புரட்ட வேண்டாம்.

முட்டை சேர்க்காத வீடுகள் இங்கே நிறைய. முட்டையின் வேலை, வெந்த குமிழிச் சுவரைத் தாங்கி நிறுத்துவது. அது இல்லையென்றால் செட் தோசைக்காரர்களின் உத்தியைக் கடன் வாங்கலாம். செட் தோசையை அவர்கள் மூடிபோட்டு வேகவைப்பார்கள், மேல்பக்கம் ஆவியிலேயே வெந்து குமிழி குமிழியாக நின்றுவிடும். அதே மாதிரி, முட்டையில்லாத மாவை இன்னும் சற்றுக் கெட்டியாகக் கலந்து, மூன்று அங்குல அகலத்துக்குச் சின்னதாக ஊற்றி, முதல் ஒரு நிமிடம் மூடிவிடுங்கள். மேல்பக்கம் இறுகத் தொடங்கியதும் திறந்து, ஈரம் காய்ந்த பிறகு புரட்டுங்கள். முட்டை போட்டதின் உயரம் வராது, மென்மை அதைவிடக் கூடுதலாகவே வரும்.

கேழ்வரகு போடலாமா என்று கேட்காதவர்கள் கர்நாடகத்தில் கிடையாது. போடலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்குவரைதான். கேழ்வரகில் க்ளூட்டன் இல்லை, முழுக்கப் போட்டால் வாயுவைப் பிடித்துவைக்க ஆள் இருக்காது. கோதுமை மாவு பாதிக்குப் பாதி நன்றாக வரும். அது அதிக ஈரம் குடிப்பதால் இரண்டு மூன்று ஸ்பூன் பால் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேலே ஊற்ற மேப்பிள் சிரப்தான் வேண்டும் என்று பலர் அலைகிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் மேப்பிள் மரத்தில் வடிகிற சாற்றைச் சுமார் 40 லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் கிடைக்கும். அந்த விலை நியாயமானதுதான். ஆனால் மண்டியா வெல்லம் இருக்கிற ஊரில் அதற்காக ஏங்க வேண்டியதில்லை. நல்ல கறுத்த வெல்லத்தை அரை தம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கம்பிப் பதத்துக்கு முன்னாலேயே இறக்கி, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு ஸ்பூன் வெண்ணெயும் சேர்த்தால் அதற்கு ஈடாக நிற்கும். என் நாக்குக்கு அதைவிட மேல் என்றே சொல்வேன். தாவணகெரே தோசைக்கு மேலே வைக்கிற மாதிரி ஒரு உருண்டை வெள்ளை வெண்ணெய், ஓரத்தில் ஏலக்கி வாழைப்பழத் துண்டுகள். வாழைப்பழத்தைக் கல்லில் மாவின் மேல் அடுக்கி வேகவைப்பதும் உண்டு. பழத்தின் சர்க்கரை சீக்கிரம் கருகுமென்பதால் தீயை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால், வெந்தவற்றைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். சூட்டின் ஆவியில் அடியில் இருப்பது ஊறித் துவண்டுவிடும். இட்லித் தட்டைக் கவிழ்த்தோ, கம்பிவலை மேலோ ஒற்றை வரிசையாகப் பரப்பி, மெல்லிய துணியால் மூடிவையுங்கள். படத்தில் பார்க்கிற அடுக்குக் கோபுரத்தைப் பரிமாறுகிற நிமிடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு, பாக்கெட் வாங்குவதைவிட வீட்டிலேயே மிக்ஸ் கலந்து வைப்பது நல்லது என்பேன். மைதா நான்கு கப், பேக்கிங் பவுடர் இரண்டு டேபிள்ஸ்பூன், சோடா ஒரு டீஸ்பூன், சர்க்கரை நான்கு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன். மூன்று தடவை சலித்து, ஈரமே இல்லாத கண்ணாடி ஜாடியில் இறுக மூடுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த ஊரின் மழை ஈரத்தில் பேக்கிங் பவுடர் டப்பாவுக்குள்ளேயே வினைபுரிந்து செத்துப்போவது சகஜம். கலப்பதற்கு முன்னால் அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் எடுத்துக்கொள்ளலாம், சும்மா கிடந்தால் புதிய டப்பா வாங்குங்கள். திறந்து ஆறு மாதம் தாண்டிய பேக்கிங் பவுடரை நம்ப வேண்டாம். ஜாடியின் மேல் கலந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். காலையில் அதிலிருந்து ஒரு கப் எடுத்து, ஒரு ஸ்பூன் குவிய இன்னும் சேர்த்து, தயிரும் பாலும் முட்டையும் வெண்ணெயும் நான் சொன்ன அளவில் ஊற்றி, அந்தப் பத்துப் பன்னிரண்டு புரட்டலோடு நிறுத்திவிட்டுக் கல்லைக் காயவையுங்கள்.